புது கன்ட்ரோலர், பழைய கேம்: எமுலேட்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விங்கள எல்லாம் பிரிச்சுப் பாத்தா முக்காவாசி ஒரே விஷயத்தத்தான் சுத்திச் சுத்தி வருது: கைல புது கன்ட்ரோலர், ஆடணும்னு ஆசைப்படுறது பழைய கேம், நடுவுல ஒரு பிசி, அதுல ஒரு எமுலேட்டர், அதாவது பழைய கேம் மெஷின் மாதிரி நடிக்கற சாஃப்ட்வேர். அதனால கிராபிக்ஸ் கார்டு, ராம் கேள்வியெல்லாம் இப்போதைக்கு ஓரமா இருக்கட்டும்.

கேள்வி: சார், டூயல்சென்ஸ (ப்ளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலர்) யூஎஸ்பி கேபிள்ல பிசில சொருகினா லைட் எரியுது, சார்ஜ் ஏறுது, ஆனா எந்த எமுலேட்டரும் அத கண்டுக்கவே மாட்டேங்குது. கன்ட்ரோலர் போச்சா? – புதுசா ஆரம்பிக்கற வாசகர்

பதில்: கன்ட்ரோலர் மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி கேபிள் மேல சந்தேகப்படுங்க. சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிள்னு ஒரு ரகம் இருக்கு, அதுல கரண்ட் போற கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா போற கம்பியே இருக்காது, பாக்க எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். போன்ல இருந்து பிசிக்கு போட்டோ காப்பி பண்ண முடியற கேபிள் எதுவோ அத எடுத்து மாட்டிப் பாருங்க.

அப்புறம் எமுலேட்டர தொறக்காதீங்க. விண்டோஸ் கீயும் ஆர்-உம் சேத்து அழுத்தி, ஜாய் டாட் சிபிஎல்னு (joy.cpl) டைப் பண்ணா சின்னதா ஒரு விண்டோ வரும். அதுல கன்ட்ரோலர் பேரு தெரிஞ்சு, பட்டன் அழுத்தறப்ப சிவப்பு வட்டம் எரிஞ்சா விண்டோஸ் வரைக்கும் விஷயம் சரியா வந்துடுச்சுனு அர்த்தம், மிச்சம் எல்லாம் எமுலேட்டர் செட்டிங்தான். அங்கயே ஒண்ணும் எரியலன்னா எமுலேட்டர்ல ராத்திரி முழுக்க நோண்டினாலும் ஒரு பிரயோஜனமும் இல்ல. எந்த எடத்துல அறுந்திருக்குனு மொதல்ல கண்டுபிடிங்க, கன்ட்ரோலர், விண்டோஸ், நடுவுல ஏதாவது சாஃப்ட்வேர் இருந்தா அது, எமுலேட்டர், கடைசியா எமுலேட்டர் கேமுக்கு காட்டற பொய்யான பழைய கன்ட்ரோலர், இந்த வரிசைதான். கீழ வர்ற முக்காவாசி பதிலும் இந்த வரிசையிலதான் எங்கயாவது போய் நிக்கும்.

ப்ளூடூத்துனா டூயல்சென்ஸ்ல கிரியேட் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேத்து அழுத்திப் பிடிங்க, லைட் வேகமா மின்ன ஆரம்பிச்சதும் பிசில தேடுங்க. ப்ளேஸ்டேஷன் 4-ஓட டூயல்ஷாக் 4-ல கிரியேட்டுக்கு பதிலா ஷேர் பட்டன், அவ்ளோதான் வித்தியாசம்.

கேள்வி: ப்ரோ, டூயல்ஷாக் 4 வெச்சிருக்கேன். மெனுல ஒரு தடவ கீழ அழுத்தினா ரெண்டு வரி தாண்டிப் போகுது. சில சமயம் கேம் ஆடறப்ப மவுஸ் கர்சர் வேற தானா ஓடுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு. டிஎஸ்4விண்டோஸ் போட்டிருக்கேன், ஸ்டீமும் இருக்கு. – காலேஜ் ஸ்டூடன்ட்

பதில்: பேய் இல்ல தம்பி, ரெண்டு மொழிபெயர்ப்பாளர் ஒரே நேரத்துல பேசறாங்க, அதான்.

கொஞ்சம் விவரமா சொல்றேன், இது புரிஞ்சா மத்ததெல்லாம் ஈசி. 2005-ல எக்ஸ்பாக்ஸ் 360 வந்தப்ப மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட்னு ஒரு முறைய கொண்டு வந்தாங்க, எக்ஸ்பாக்ஸ் மாதிரி கன்ட்ரோலர் மட்டும்தான் அதுல பேச முடியும், அதிகபட்சம் நாலு பேரு. அதுக்கு முன்னாடி இருந்தது டைரக்ட்இன்புட். சோனி கன்ட்ரோலர் எக்ஸ்இன்புட் பேசாது, அதனால ரொம்ப காலம் பிசி கேம்ல அத யாரும் மதிக்கல. அதுக்காகத்தான் டிஎஸ்4விண்டோஸ் மாதிரி சாஃப்ட்வேர் வந்துச்சு, அது உங்க சோனி கன்ட்ரோலர படிச்சு, பக்கத்துலயே இல்லாத ஒரு எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர உருவாக்கி காட்டும். இப்ப விண்டோஸ்ல ரெண்டு கன்ட்ரோலர் இருக்கு, ஒண்ணு நிஜம், ஒண்ணு டூப்பு. எமுலேட்டர் ரெண்டையும் கேக்குது. ஒரு அழுத்து ரெண்டு அழுத்தாகுது.

ஸ்டீம் வேற கதை. அது பின்னாடி ஓடிட்டிருந்தா டெஸ்க்டாப்புக்குன்னே ஒரு லேஅவுட் வெச்சிருக்கும், அதுல ஸ்டிக் ஆட்டினா மவுஸ் நகரும். ஸ்டீம முழுசா மூடிட்டு பாருங்க, விண்டோவ மட்டும் மூடாம கீழ டிரேல இருந்து எக்ஸிட் குடுக்கணும், கர்சர் ஓடறது நின்னுடும். நிரந்தரமா வேணும்னா ஸ்டீம் செட்டிங்ஸ்ல கன்ட்ரோலர் பகுதில ப்ளேஸ்டேஷனுக்கான ஸ்டீம் இன்புட்ட ஆஃப் பண்ணுங்க.

என் கருத்து என்னன்னா, எமுலேட்டருக்கு மட்டும்தான் கன்ட்ரோலர் வேணும்னா டிஎஸ்4விண்டோஸே வேண்டாம். இன்னைக்கு உருப்படியா அப்டேட் ஆகற எமுலேட்டர் பெரும்பாலும் எஸ்டிஎல்ங்கற லைப்ரரிய யூஸ் பண்ணுது, அதுக்கு சோனி, நின்டெண்டோ, எக்ஸ்பாக்ஸ் எல்லாமே நேரா தெரியும். நடுவுல ஒருத்தர நிறுத்தினா லாபம் ஒண்ணும் இல்ல, நஷ்டம்தான், ஏன்னா எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர்ல மோஷன் சென்சார் கிடையாது, டச்பேட் கிடையாது, அதனால டூப்பு வழியா போனா அதெல்லாம் காணாம போயிடும். மத்த கேமுக்காக டிஎஸ்4விண்டோஸ் இருந்தே ஆகணும்னா ஹிட்ஹைட்னு ஒரு டிரைவர் இருக்கு, அத போட்டு நிஜ கன்ட்ரோலர மத்த சாஃப்ட்வேர் கண்ணுல படாம மறைச்சுடுங்க. இன்னொரு விஷயம், அந்த டூப்பு கன்ட்ரோலர உருவாக்கற விஜெம்பஸ் டிரைவர 2023-லயே அத எழுதினவங்க நிறுத்திட்டாங்க, இப்பவும் வேலை செய்யுது, ஆனா அத நம்பி புதுசா எதையும் ஆரம்பிக்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்தான், ஒரு பழைய எமுலேட்டர்ல ரேஸ் கேம் ஆடறேன். ஆக்ஸிலரேட்டர் ரைட் ட்ரிக்கர், பிரேக் லெஃப்ட் ட்ரிக்கர். தனித்தனியா அழுத்தினா ஓகே. ரெண்டையும் சேத்து அழுத்தினா வண்டி எதுவுமே அழுத்தாத மாதிரி உருளுது. ட்ரிக்கர் ரிப்பேரா? – ரேஸ் பைத்தியம்

பதில்: ட்ரிக்கர் நல்லா இருக்கு, எமுலேட்டர் உங்க கன்ட்ரோலர டைரக்ட்இன்புட் வழியா படிக்குது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர அந்த வழில படிச்சா ரெண்டு ட்ரிக்கரும் ஒரே அச்சா வந்து சேரும், லெஃப்ட் ஒரு பக்கம் இழுக்கும், ரைட் எதிர்ப்பக்கம் இழுக்கும், ரெண்டையும் முழுசா அழுத்தினா கழிச்சுக்கிட்டு நடுவுல நின்னுடும். மைக்ரோசாஃப்ட் தெரிஞ்சேதான் அப்படி வெச்சாங்க, எதையும் தொடாதப்ப அச்சு நடுவுல இருக்கணும்னு எதிர்பாக்கற பழைய கேமுங்க குழம்பக் கூடாதுன்னு. எமுலேட்டர் இன்புட் செட்டிங்ல எக்ஸ்இன்புட்டுக்கோ எஸ்டிஎல்லுக்கோ மாத்திட்டு, ரெண்டு ட்ரிக்கரையும் மறுபடி மேப் பண்ணுங்க, அதாவது எந்த பட்டன் எதுக்குன்னு மறுபடி சொல்லிக் குடுங்க. பழைய மேப்பிங்க அழிக்காம விட்டா மாத்தியும் பிரயோஜனம் இல்ல.

ப்ளேஸ்டேஷன் 2 எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2-ல இதுக்கு நேர் எதிரான ஒரு குழப்பம் உண்டு. அங்க எஸ்டிஎல், எக்ஸ்இன்புட், டைரக்ட்இன்புட் மூணுக்கும் தனித்தனியா ஆன் ஆஃப் இருக்கும், மூணையும் ஆன் பண்ணா நல்லதுதானேன்னு நிறைய பேரு டிக் போட்டுடறாங்க. ஒரே கன்ட்ரோலர் வேற வேற பேர்ல தெரியும், மேப் பண்றப்ப எது எதுல போய் உக்காந்துச்சுன்னே தெரியாது. எஸ்டிஎல் மட்டும் போதும்.

கேள்வி: ப்ளேஸ்டேஷன் 1 கேம்ல ஸ்டிக்கே வேலை செய்யல, டி-பேட் (திசை பட்டன்) மட்டும்தான் வேலை செய்யுது. வைப்ரேஷனும் இல்ல. மேப்பிங் எல்லாம் கரெக்டா இருக்கு, பத்து வாட்டி செக் பண்ணிட்டேன். – பேர் போட வேண்டாம்

பதில்: மேப்பிங் கரெக்டா இருக்கலாம், ஆனா கேம் கிட்ட எந்த கன்ட்ரோலர் சொருகியிருக்குனு எமுலேட்டர் சொல்லுது, அத பாத்தீங்களா? ப்ளேஸ்டேஷன் 1 வந்தப்ப அதோட கன்ட்ரோலர்ல ஸ்டிக்கே கிடையாது. டூயல்ஷாக் 1997 கடைசிலதான் ஜப்பான்ல வந்துச்சு. ரெட்ரோஆர்க்ல (பல மெஷினோட எமுலேட்டர ஒரே எடத்துல ஓட்டற சாஃப்ட்வேர்) அந்த ஸ்டிக் இல்லாத பழைய கன்ட்ரோலர்தான் டீஃபால்ட்டா இருக்கும், கேம் ஓடறப்ப மெனு தொறந்து, கன்ட்ரோல்ஸ்ல போர்ட் 1 போய் டிவைஸ் டைப்ப டூயல்ஷாக்னு மாத்துங்க. டக்ஸ்டேஷன்ங்கற ப்ளேஸ்டேஷன் 1 எமுலேட்டர்னா அனலாக் கன்ட்ரோலர்னு இருக்கும்.

மாத்தியும் வரலையா, அப்ப அந்த கேமே டூயல்ஷாக்குக்கு முந்தினதா இருக்கும், அதுக்கு ஸ்டிக்னா என்னன்னே தெரியாது. ஸ்டிக்க டி-பேடா நடிக்க வைக்கற ஆப்ஷன் ரெண்டுலயும் இருக்கு, அத ஆன் பண்ணா ஸ்டிக்ல ஆடலாம், ஆனா எட்டு திசைதான், மெதுவா திரும்பறதெல்லாம் நடக்காது.

ரேஸ் கேமுக்கு மட்டும் ஒரு சந்து இருக்கு. நெக்கான்னு நாம்கோ 1995-ல ஒரு விசித்திரமான கன்ட்ரோலர் விட்டாங்க, நடுவுல ரெண்டா பிரிஞ்சு முறுக்கற மாதிரி, முறுக்கினா ஸ்டீயரிங். வைப்அவுட் மாதிரி அந்தக் காலத்து ரேஸ் கேம் சிலது அத சப்போர்ட் பண்ணும். டக்ஸ்டேஷன்ல கன்ட்ரோலர் டைப்ப நெக்கான்னு வெச்சு, உங்க ஸ்டிக்க அந்த முறுக்குக்கு மேப் பண்ணா, ஸ்டிக்கே இல்லாத காலத்து கேம்ல ஸ்டிக்க லேசா சாய்ச்சு லேசா திருப்பலாம். ஆடிப் பாருங்க, அப்புறம் டி-பேடுக்கு திரும்பிப் போக மாட்டீங்க.

கேள்வி: ப்ளேஸ்டேஷன் 2-ல மெட்டல் கியர் சாலிட் 3 ஆடறேன். எதிரிய பின்னாடியே போய் பிடிச்சா விசாரிக்க விடாம உடனே கழுத்தறுத்துடறான் நம்ம ஆளு. நான் ஒண்ணும் அவ்ளோ கோவக்காரன் இல்ல சார். – டூயல்சென்ஸ் வாசகர்

பதில்: கேள்விய படிச்சு சிரிச்சுட்டேன், ஆனா இது நிஜமான பிரச்சினை, எந்த புது கன்ட்ரோலர் வாங்கினாலும் தீராது. டூயல்ஷாக் 2-ல முக்கோணம், வட்டம், எக்ஸ், சதுரம், டி-பேட், தோள் பட்டன்னு எல்லாமே அழுத்தத்த அளக்கும், லேசா அழுத்தறதும் ஓங்கி அழுத்தறதும் கேமுக்கு வேற வேற. அந்த கேம்ல வட்டத்த லேசா பிடிச்சா பிடி, ஓங்கி அழுத்தினா கத்தி. டூயல்ஷாக் 4-லயே சோனி இத தூக்கிட்டாங்க, டூயல்சென்ஸ்லயும் கிடையாது, எக்ஸ்பாக்ஸ்ல முத முதல் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்ல மட்டும் இருந்துச்சு, 360-லயே போயிடுச்சு. அதனால உங்க ஒவ்வொரு அழுத்தும் கேமுக்கு ஓங்கி அழுத்தினதாவே போய்ச் சேருது.

பிசிஎஸ்எக்ஸ்2-ல ப்ரெஷர் மாடிஃபையர்னு ஒரு பட்டன் வெச்சுக்கலாம். அத பிடிச்சுட்டு வட்டத்த அழுத்தினா பாதி அழுத்தம்தான் போகும், எவ்ளோ பாதிங்கறத நீங்களே மாத்திக்கலாம். எல்-3 (இடது ஸ்டிக்க உள்ள அழுத்தறது) மாதிரி அதிகம் யூஸ் ஆகாத பட்டன்ல வைங்க. இதே கேமோட ரெண்டாம் பாகத்துல துப்பாக்கி நீட்டிட்டு சுடாம எறக்கணும்னா சதுரத்த மெதுவா விடணும், புது கன்ட்ரோலர்ல விட்டா டமால்தான், அங்கயும் இந்த மாடிஃபையர்தான் கை குடுக்கும்.

கிரான் டூரிஸ்மோ மாதிரி ரேஸ் கேம்னா இன்னும் நல்ல வழி இருக்கு. எக்ஸ் பட்டன்தான் ஆக்ஸிலரேட்டர், அதுவும் அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி. அந்த எக்ஸ உங்க ரைட் ட்ரிக்கருக்கு மேப் பண்ணிடுங்க, ட்ரிக்கர் எவ்ளோ தூரம் போகுதோ அவ்ளோ அழுத்தமா போய்ச் சேரும். நிஜ ப்ளேஸ்டேஷன் 2-ல கட்டைவிரல் வலிக்க வலிக்க ஆடினத விட இது சுகம்னு நான் சொல்லுவேன், ஒரிஜினல் ஃபீல் போச்சுன்னு சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

கேள்வி: ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலர். டால்ஃபின்ல (நின்டெண்டோ கேம்க்யூப், வீ எமுலேட்டர்) சூப்பர் மாரியோ சன்ஷைன் ஆடறேன், ஓடிட்டே தண்ணி அடிக்க முடியல, ஆர் அழுத்தினாலே மாரியோ நின்னுடறான். ஏ-வும் பி-யும் வேற மாறிக் கெடக்கு. – நின்டெண்டோ கட்சி

பதில்: ஏ, பி விஷயம் சின்னது. நின்டெண்டோல ஏ வலது பக்கம், எக்ஸ்பாக்ஸ்ல ஏ கீழ. ரெட்ரோஆர்க் உள்ளுக்குள்ள சூப்பர் நின்டெண்டோ வரிசையத்தான் வெச்சிருக்கு, அதனால எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்காரங்களுக்கும் இதே தலைவலிதான், அவங்க கீழ இருக்கற ஏ-வ அழுத்தினா கேமுக்கு பி-னு போகும். எழுத்த பாக்காம எடத்த பாத்து மேப் பண்ணுங்க, தீந்துச்சு.

தண்ணி விஷயத்துல தப்பு ஹார்டுவேர்ல. கேம்க்யூப் கன்ட்ரோலர்ல ட்ரிக்கர் ரெண்டு கட்டம், அழுத்த அழுத்த அளவு ஏறும், கடைசில க்ளிக்குன்னு ஒரு பட்டன் வேற. சன்ஷைன்ல பாதி அழுத்தினா ஓடிட்டே அடிக்கலாம், க்ளிக் வரைக்கும் போனா நின்னு குறி பாக்கலாம். ஸ்விட்ச் ப்ரோல இருக்கற இசட்ஆர் வெறும் பட்டன், பாதிங்கற பேச்சே இல்ல. டால்ஃபின்ல ஆர்-னு ஒண்ணும் ஆர் அனலாக்னு ஒண்ணும் தனித்தனியா இருக்கும் பாருங்க, இசட்ஆர ஆர் அனலாக்ல மட்டும் போடுங்க, ஆர் க்ளிக்க வேற ஒரு பட்டனுக்கு தள்ளிடுங்க. ஓடிட்டே அடிக்க ஒரு பட்டன், நின்னு அடிக்க ஒரு பட்டன்னு பழகிடும்.

கேள்வி: நின்டெண்டோ 64-ல நாலு சி பட்டன் இருக்கே, அத எங்க வைக்கறது? – குழம்பினவர்

பதில்: எல்லாரும் ரைட் ஸ்டிக்ல வைக்கறாங்க. கேமரா திருப்பறதுக்கு அது பரவால்ல, ஆனா சி பட்டன்ல ஐட்டம் எடுக்கற கேம்ல அவசரத்துக்கு ஸ்டிக்க தட்டினா பக்கத்து திசைல போய் விழும். ஏ கீழ, பி இடது, சி கீழ்ப் பட்டன் வலது, சி இடது பட்டன் மேலனு நாலு முகப் பட்டன்லயும் போட்டுட்டு, மிச்ச ரெண்டு சி-ய மட்டும் ஸ்டிக்குக்கு விடுங்க. ஸ்டிக் ரொம்ப வேகமா பாயற மாதிரி இருந்தா சென்சிடிவிட்டிய கொஞ்சம் எறக்குங்க, அந்தக் காலத்து ஸ்டிக் அவ்ளோ பெரிய எண்ண அனுப்பினதே இல்ல.

கேள்வி: ப்ளூடூத்ல ஆடினா லேக் வருது, குதிக்கறதுக்குள்ள குழில விழுந்துடறேன். கேபிள் போட்டா பரவால்ல, ஆனா முழுசா போகல. – குழிக்குள்ள இருந்து ஒரு வாசகர்

பதில்: முழுசா போகலனு நீங்க சொன்னதுதான் முக்கியம். அந்தக் கால கேம் நொடிக்கு 60 ஃப்ரேம், ஒரு ஃப்ரேம் 16.67 மில்லிசெகண்ட். நல்ல ப்ளூடூத்தால போறது அதிகபட்சம் கொஞ்சம்தான், மிச்சத்த திங்கறது டிவி, வீசின்க் (படத்த ஸ்கிரீன் வேகத்தோட சேத்து அனுப்பற செட்டிங்), அப்புறம் கேமே. டிவினா மொதல்ல கேம் மோட் போடுங்க, மத்த எதையும் தொடறதுக்கு முன்னாடி.

ப்ளூடூத் விட்டு விட்டு வருதுன்னா டாங்கிள் எங்க சொருகியிருக்குனு பாருங்க. யூஎஸ்பி 3 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கெளப்பும்னு இன்டெல்லே 2012-ல எழுதி வெச்சிருக்காங்க, ப்ளூடூத்தும் அதே 2.4-லதான் ஓடுது. கேபினெட் பின்னாடி யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் பக்கத்துல டாங்கிள் இருந்தா, ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு முன்னாடி கொண்டு வாங்க.

இதெல்லாம் பண்ணியும் மந்தமா இருந்தா ரெட்ரோஆர்க்ல 2018-ல வந்த ரன்-அஹெட்னு ஒண்ணு இருக்கு. பல பழைய கேம் பட்டன் அழுத்தினதும் ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் கழிச்சுதான் அசையும், நிஜ மெஷின்லயும் அப்படித்தான். ரன்-அஹெட் அந்த ஃப்ரேம முன்கூட்டியே கணக்கு போட்டு மறைச்சுடும். எத்தன ஃப்ரேம்னு ஊகத்துல போடாதீங்க. கீபோர்டுல பி அழுத்தி பாஸ் பண்ணுங்க, குதிக்கற பட்டன பிடிச்சுக்கிட்டே கே-வ ஒவ்வொண்ணா தட்டுங்க, எத்தனாவது தட்டுல அசையறானோ அதுல ஒண்ணு கழிச்சா வர்ற எண்ணுதான் உச்சம். அதுக்கு மேல போட்டா அனிமேஷன் துண்டு துண்டா குதிக்கும். சிபியு வேலையும் ஏறும், ப்ளேஸ்டேஷன் 2 மாதிரி கனமான எமுலேட்டருக்கு இது ஆகாது.

கேள்வி: வீ கேம்ல டிவிய பாத்து சுட்டிக் காட்டணும், என்கிட்ட சென்சார் பார் இல்ல. டூயல்சென்ஸ்ல முடியுமா? – டால்ஃபின் ரசிகை

பதில்: முடியும்மா. சென்சார் பார்ங்கறது பேருக்குத்தான், அதுல இருக்கறது வெறும் இன்ஃப்ராரெட் லைட், கேமரா ரிமோட்லதான். டூயல்சென்ஸ்ல கைரோ இருக்கு, டால்ஃபின்ல டிவைஸ எஸ்டிஎல்னு செலக்ட் பண்ணிட்டு மோஷன் இன்புட் டேப்ல கைரோ, ஆக்ஸிலரோமீட்டர் வரிசைய எல்லாம் மேப் பண்ணுங்க. கர்சர் கொஞ்ச நேரத்துல ஒரு பக்கமா நகந்து போயிடும், கைரோவுக்கு தான் எங்க இருக்கோம்னு தெரியாது, எவ்ளோ திரும்பினோம்னு மட்டும்தான் தெரியும், அதனால ரீசென்டர்னு ஒரு பட்டன மறக்காம வெச்சுக்கோங்க. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்ல கைரோவே கிடையாது, அதுல ரைட் ஸ்டிக்தான்.

கேள்வி: புதுசா ஒண்ணே ஒண்ணு வாங்கணும், எது வாங்கட்டும்?

பதில்: செட்டிங் பக்கமே போகாம ஆடணும்னா எக்ஸ்பாக்ஸ். வீ ஆடணும், சண்டை கேமுக்கு டி-பேட் வேணும்னா டூயல்சென்ஸ், ஆனா அதோட அடாப்டிவ் ட்ரிக்கருக்காக வாங்காதீங்க, பழைய கேம் எதுக்கும் அது தெரியாது, எமுலேட்டர்ல சாதா வைப்ரேஷன்தான் வரும். பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர செகண்ட் ஹேண்ட்ல எடுக்கறவங்க எக்ஸ்பாக்ஸ் பட்டன சுத்தி இருக்கற பிளாஸ்டிக்க பாருங்க. முகத்தோட சேந்து ஒரே துண்டா இருந்தா 2016-க்கு அப்புறம் வந்தது, ப்ளூடூத் உண்டு. பளபளன்னு மேல தோள் பட்டனோட சேந்த துண்டா இருந்தா ப்ளூடூத் கிடையாது.

கேள்வி: கேம் டவுன்லோட் லிங்க் ப்ளீஸ்.

பதில்: தர மாட்டேன். எமுலேட்டர் எழுதறது குத்தமில்லன்னு அமெரிக்காவுல சோனி-கனெக்டிக்ஸ் வழக்குல 2000-லயே தீர்ப்பாச்சு, ஆனா கேமும் பயாஸும் (மெஷினுக்குள்ளயே இருக்கற அடிப்படை சாஃப்ட்வேர்) அடுத்தவங்க சொத்து, உங்க சொந்த டிஸ்க்ல இருந்தும் சொந்த மெஷின்ல இருந்தும் எடுத்துக்கோங்க.

கேள்வி: ரெட்ரோஆர்க்ல மெனுவுக்கு போக ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் கீபோர்ட் தட்ட வேண்டியிருக்கு. எக்ஸ்பாக்ஸ் பட்டன வெச்சா விண்டோஸோட கேம் பார் வந்து குறுக்க நிக்குது. – சோஃபா வாசகர்

பதில்: அந்த நடு பட்டன விட்டுடுங்க. இன்புட் செட்டிங்ல ஹாட்கீஸ் பகுதில மெனுவுக்கு கன்ட்ரோலர் காம்போன்னு இருக்கும், செலக்டும் ஸ்டார்ட்டும் சேத்து வைங்க. சில கேம் அதே ரெண்டையும் சேத்து அழுத்தினா ரீசெட் ஆகும், அந்த மாதிரி கேம் ஆடறவங்க எல்-3 ஆர்-3 வைங்க. கேம் பார் தொல்லைக்கு விண்டோஸ் செட்டிங்ஸ்ல கேமிங் போய், கன்ட்ரோலர் பட்டன்ல கேம் பார் தொறக்கற ஆப்ஷன ஆஃப் பண்ணா போதும்.